புல் பழுத்தால் குழாயைத் திறக்காதீர்கள், குனிந்து பாருங்கள்

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் வாட்ஸப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பிக்கும். போன வாரம் வரை பச்சைப்பசேலென்று இருந்த லான், இப்போது பாதி பழுப்பு. கூடவே ஒரு கேள்வி, தண்ணீர் பத்தவில்லையா என்று. ஸ்ப்ரிங்க்ளர் நேரத்தைக் கூட்டுங்கள், உரம் போடுங்கள், பூஞ்சை மருந்து அடியுங்கள் என்று பதில்கள் குவியும். மண்டி போட்டுப் புல்லை விலக்கிப் பார்த்தீர்களா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். காரணம் படைப்புழுவாக (fall armyworm, புல்லைக் கூட்டமாகத் தின்னும் ஒரு புழு) இருக்கலாம், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தண்ணீர் இல்லாமல் காய்கிற புல் மெதுவாகக் காயும், ஸ்ப்ரிங்க்ளர் எட்டாத மூலைகளிலும் நடைபாதை ஓரத்திலும்தான் முதலில் தெரியும். படைப்புழு தின்ற புல் அப்படி இருக்காது. ஒரு பக்கத்தில் ஆரம்பித்துப் பழுப்பின் எல்லை நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே வரும், கிட்டே போய்ப் பார்த்தால் இலையே இருக்காது, வெறும் தண்டுதான் நிற்கும். அந்த எல்லைக்கோட்டில்தான் தேட வேண்டும், ஏற்கெனவே தின்று முடித்த இடத்தில் அல்ல. வழக்கத்துக்கு மாறாக கிராக்கிள் என்ற கறுப்புப் பறவைகள் கூட்டமாக உங்கள் லானில் மட்டும் இறங்கிக் கொத்துகின்றன என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது.

ஒரே ராத்திரியில் போய்விட்டது என்று எல்லாரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப்புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டும், கண்ணாடி போல மெல்லிய தோல் மிஞ்சும், நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு, மூன்று வாரம் வளரும் புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைக் கடைசிச் சில நாட்களில்தான் தின்கிறது. நாம் கவனிக்கும்போது அது ஒன்றரை அங்குலப் புழுவாகிவிட்டிருக்கும். தலையில் தலைகீழான Y வடிவ வெள்ளைக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இது இங்கே குளிர்காலத்தைத் தாங்காது. தெற்கு டெக்சாஸிலும் தெற்கு ஃபுளோரிடாவிலும் குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, அந்துப்பூச்சியாக ஒவ்வொரு வருடமும் காற்றோடு வடக்கே பறந்து வருகிறது. 2021இல் ஒஹாயோ வரைக்கும் போய் லான்களைச் சூறையாடியது. வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்தால் அடுத்த சில வாரங்கள் உஷாராக இருங்கள். சுவர், வேலி, ஜன்னல் வலை, கூரையின் அடிப்பக்கம் என்று வெளிர் நிறமான இடங்களில் சாம்பல் பஞ்சு ஒட்டியது போல முட்டைக்குவியல் இருக்கும், ஒன்றில் நூற்றுக்கணக்கில். பார்த்த உடனே சுரண்டி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு கேலன் தண்ணீரில் 2 டேபிள்ஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மூன்றுக்கு மூன்று அடி இடத்தில் ஊற்றிச் சில நிமிடம் நில்லுங்கள். இருந்தால் மேலே ஏறி வந்துவிடும். காலையிலோ சாயங்காலமோ செய்யுங்கள், உச்சி வெயிலில் அவை புல்லடியில் பதுங்கியிருக்கும். சதுர அடிக்கு மூன்று புழுவுக்கு மேல் வந்தால் மருந்து தேவை. ஒன்றோ இரண்டோ என்றால் குளவியும் பறவையும் பார்த்துக்கொள்ளும், விட்டுவிடுங்கள்.

மருந்து என்றதும் கடையில் கண்ணில் படுகிற முதல் மூட்டையைத் தூக்கி வராதீர்கள். புழு அரை அங்குலத்துக்குள் இருந்தால் Bt (பி.டி.) என்று விற்கும் பாக்டீரியா மருந்தே போதும், வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் பொழுது சாயும்போது அடிக்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்திருந்தால் ஸ்பினோசாட் என்ற மருந்து. பைஃபென்த்ரின் என்ற ரசாயன மருந்து வேகமாகக் கொல்லும்தான், ஆனால் தேனீயையும், ஓடையில் கலந்தால் மீனையும் சேர்த்துக் கொல்லும், நம் தெருவின் மழைநீர்க் கால்வாய் நேராக ஓடைக்குத்தான் போகிறது. அதனால் மழை வரும் நாளில் அடிக்கவே அடிக்காதீர்கள். எதை அடித்தாலும் முதலில் புல்லை வெட்டிவிடுங்கள், புல்லோடு முளைக்கும் க்ளோவர் களையின் பூ இருந்தால் அதுவும் போய்விடும், தேனீக்கும் நல்லது. அடித்த பிறகு ஒன்றிரண்டு நாள் வெட்ட வேண்டாம். லேபிளில் இருக்கும் அளவு தாண்டக் கூடாது, காயும்வரை குழந்தைகளையும் நாயையும் லானில் விடக் கூடாது.

புழுவெல்லாம் முழு வளர்ச்சி அடைந்துவிட்டதா? அப்படியானால் மருந்துக்கே செலவு செய்யாதீர்கள். அவை மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகப் போகிற நேரம் அது, தின்ற இலையை மருந்து திருப்பித் தரப்போவதில்லை.

லானே செத்துவிட்டது, முழுக்கப் பிடுங்கிப் புதுப் புல் பாய் விரிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்து சொல்பவர்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள், ப்ளீஸ். நம் வீடுகளில் பெரும்பாலும் பெர்முடா புல்தான். அதற்கு மண்ணுக்கு மேலும் ஓடும் தண்டு, கீழும் ஓடும் தண்டு. இலை போனால் அங்கிருந்து துளிர்க்கும், ஒழுங்காகத் தண்ணீர் விட்டால் சில வாரங்களில் மூடிவிடும். செயின்ட் அகஸ்டின் புல் கொஞ்சம் சுணங்கும். புதிதாக விதைத்த ஃபெஸ்க்யூ புல்லுக்குத்தான் உண்மையான ஆபத்து, அதைத் தினமும் பாருங்கள்.

இதே புழுதான் 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அதே வருடம் பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்தின் குருத்தைத் தின்று தீர்த்தது. அங்கே போனது ஒரு வருட வருமானம், இங்கே போவது சில வாரத்துப் பச்சை. இங்கே பதறி விஷத்தைக் கொட்டத் தேவையே இல்லை.

மண்ணுக்குள் போனவை ஒரு வாரம் பத்து நாளில் அந்துப்பூச்சியாக வெளியே வந்து மறுபடி முட்டையிடும். அதனால் ஒரு மாதம் கழித்துச் சோப்புத் தண்ணீர் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். அந்தத் தடவை சின்னப் புழுவாகவே பிடித்துவிடலாம்.