ஷிட்டாகேயும் பார்மலினும்: நாலாவது முயற்சியில் நிறம் பிரிந்தது

நான் வளர்க்கும் ஷிட்டாகே காளானில் பார்மலின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட, மூன்று வாரமாகப் பாடாய்ப் படுத்திய சோதனை நேற்று ஒருவழியாக வழிக்கு வந்தது.

ஆரம்பித்து வைத்தது மச்சான், மீன் வியாபாரி. மீன் கெடாமலிருக்கச் சிலர் சேர்க்கும் பார்மலின் இருந்தால் ஊதாவாக மாறும் சோதனைப் பட்டையை விளையாட்டாக என் ஷிட்டாகே மேல் தேய்த்திருக்கிறார், நிறம் மாறிவிட்டது. "என்ன மாப்ள, மீனுக்கு அடிக்கிறோம்னு ஊரே எங்களைத் திட்டுது. நீங்க காளானுக்கே ஊத்துறீங்களா?"

சிப்பிக் காளானுக்குக் கிருமி போக வைக்கோல் ஊறவைக்கும் கணக்கு தெரிந்ததுதான்: 100 லிட்டர் தண்ணீருக்கு 125 மில்லி பார்மலின், 7.5 கிராம் கார்பண்டசிம் என்ற பூசணக்கொல்லி. மூக்கெரிச்சல் தாங்காமல் அதையே நான் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஷிட்டாகே வளரும் மரத்தூள் பைகளுக்கு எப்போதும் குக்கரில் அவிப்பதுதான்.

விஷயம் காளானுக்குள்ளேயே இருக்கிறது. அதிலுள்ள லெண்டினிக் அமிலத்தை முதலில் காமா குளூட்டமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் என்ற நொதி வெட்டும், அடுத்து சி-எஸ் லையேஸ் என்ற இன்னொரு நொதி உடைக்கும். கடைசியில் லெந்தியோனின் வரும். 1966இல் ஜப்பானில் பிரித்தெடுத்த, ஷிட்டாகேக்கே உரிய அந்த மணம். கூடவே பார்மால்டிஹைடும் வரும். அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் பார்மலின். வெங்காயத்தை நறுக்கினால்தானே கண் எரிகிறது, அதே கதைதான். நசுக்க நசுக்க வேலை நடக்கும். பச்சை ஷிட்டாகேயில் பார்மால்டிஹைடு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதும், வறுத்தால் பெருமளவு இறங்குவதும் ஆய்வுகளில் பதிவானதுதான். ஆனால் மச்சானிடம் ஆய்வு பேசினால் எடுபடுமா? கண்ணால் காட்ட வேண்டும்.

மிக்ஸியில் அடித்த சாறு டீத்தூள் தண்ணீர் மாதிரி கறுத்துப்போனது, பட்டையின் ஊதா அதில் எங்கே தெரியும்? வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன், அப்படியும் பழுப்பு. பிறகுதான் பன்னீர் வடிக்கும் முறை தோன்றியது. பாத்திர நடுவில் ஒரு கிண்ணம், சுற்றிலும் சாறு, மேலே மூடியைக் கவிழ்த்து அதன்மேல் ஐஸ்கட்டி. ஆவி குளிர்ந்து கிண்ணத்தில் கண்ணாடி மாதிரி சொட்டும். அடுப்பு மிதமாக இருக்க வேண்டும், சாறு பொங்கிக் கிண்ணத்தில் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. கெட்டிக்காரத்தனமாக வினிகர் சேர்த்து ஒரு முறையைக் கெடுத்தேன். அதுவும் ஆவியோடு ஏறிவந்து பட்டை நிறமே காட்டவில்லை.

நேற்று ஒரே பையில் பறித்த குடைகள், 50 கிராம் வீதம் இரண்டு பங்கு. ஒன்றை நசுக்கி அரை மணி வைத்து வடித்தேன். இன்னொன்றை முழுசாகக் கொதிநீரில் 5 நிமிஷம் போட்டு நொதியைக் கொன்றபிறகு நசுக்கி, அந்தக் கொதிநீரோடு சேர்த்தே வடித்தேன். முதலாவது கத்தரிக்காய் ஊதா! இரண்டாவது வெளிறிய ஊதா. சுத்தமாக நிறமில்லாமல் போகவில்லை, வளரும்போதே கொஞ்சம் உண்டாகிவிடுவதால் இருக்கும். சிப்பிக் காளான் சாறிலும் வெறும் தண்ணீரிலும் பட்டை வெள்ளையாகவே இருந்தது. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "சரி, நம்புறேன்" என்று ஒரு வரி.

பட்டை 50 எண்ணம் வாங்கியதில் 9தான் மிச்சம். உறை பிரித்தால் ஈரம் குடித்துக் கெடுகிறது, கோத்தகிரிப் பனியில் கேட்கவே வேண்டாம். அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். போன மாதம் வாங்கிய காளான் வித்து (பையில் போடும் விதை) பற்றிப் பேசினால் இரத்தக் கொதிப்புத்தான் ஏறும். 12 பையில் 5 பச்சைப் பூசணம். கேட்டால் "உங்க குக்கர் சரியில்லை சார்" என்கிறார்கள் வித்து விற்றவர்கள். அதே குக்கரில் வேறு வித்துப் போட்ட பை ஒன்றுகூடக் கெடவில்லையே!

அடுத்தது காயவைக்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். 40 டிகிரியில் மெதுவாக ஒன்று, எடுத்த எடுப்பில் 60இல் ஒன்று. முதல் நொதிக்குக் காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) பிடிக்குமாம், சிட்டிகை சோடா உப்பையும் ஒரு பங்கில் போடலாம். அதற்குக் காளான் வேண்டுமே: இரண்டாம் அறுவடைக்காக நான்கு பைகளைக் காலையிலிருந்து குளிர்ந்த தண்ணீரில் அமுக்கி வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும் அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டு மேலே வந்துகொண்டே இருக்கிறது.