பொம்மையின் இடுப்பு துணிக்காக வந்தது

மாயவரம் கடைமுகம், திருவாரூர் ஆழித்தேர், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்று எந்தத் திருவிழாக் கடைக்குப் போனாலும் பிளாஸ்டிக் உறையில் அந்தப் பொம்மை தொங்கும். மஞ்சள் முடி, ரோஸ் நிறம், நீளக் கால், இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும் இடுப்பு. நிறுவனத்துப் பொம்மையோ, அதைப் பார்த்துச் செய்த நகலோ, எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் பார்பி என்றுதான் பெயர். பெண் குழந்தை உள்ள வீட்டில் ஒன்றாவது கிடக்கும்.

அந்த இடுப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கையால் செய்து காட்டுவது சுலபம். ஒரு நூல்கண்டு, இன்ச் டேப், அரை மீட்டர் பழைய துணி இருந்தால் ஒரு மதியத்தில் காட்டிவிடலாம்.

முதலில் நூல். பொம்மையின் உச்சியிலிருந்து குதிகால் வரை நூலை அளந்து வெட்டி, அதே நூலை அதன் இடுப்பில் சுற்றச் சொல்லுங்கள். பழைய உடலமைப்புள்ள பார்பியின் உயரம் சுமார் 29 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 8 முதல் 9 செ.மீ. நூல் மூன்று சுற்று முழுதாகப் போய், மேலும் கொஞ்சம் மீறும். அடுத்து அம்மாவின் உயரத்துக்கு நூலை வெட்டி, அம்மாவின் இடுப்பில் சுற்றட்டும். 155 செ.மீ. உயரமும் 78 செ.மீ. இடுப்பும் இருந்தால் சரியாக இரண்டு சுற்று. அப்பாவுக்கும் பாட்டிக்கும் அளந்தால் இரண்டு சுற்றுக்கு அக்கம்பக்கமாகவே வரும். சிலருக்கு இரண்டுக்கும் குறையும். ஏழு வயதுக் குழந்தைக்கு இரண்டு சுற்றுப் போய்ச் சற்று மிஞ்சும். மூன்று சுற்று வீட்டில் யாருக்கும் வராது. அந்தப் பொம்மையை 155 செ.மீ. பெண்ணாக வளர்த்தால் இடுப்பு 45 செ.மீ.தான் இருக்கும். ஏழு வயதுக் குழந்தையின் இடுப்பே 50 செ.மீ.யை ஒட்டி வந்துவிடும்.

இதில் ஒரு தவறு நடக்கும், அது பெரிய தவறு. அக்கா தங்கையை, பக்கத்து வீட்டுக் குழந்தையை வரிசையாக நிறுத்தி அளப்பது. பொம்மையை அளக்க ஆரம்பித்தது குழந்தைகளை அளப்பதில் போய் முடியும். பெரியவர்களை மட்டும் அளந்து காட்டுங்கள். குழந்தை தானாகக் கேட்டால் மட்டும் அவளுக்கு அளக்கலாம். எண்ணைச் சொல்லாமல் எத்தனை சுற்று என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது துணி. விஷயம் இருப்பது இங்கேதான். பொம்மைக்கு ஒரு பாவாடை தைப்போம். 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் மெல்லிய வாயில் துணி. கீழே 1 செ.மீ., மேலே 1 செ.மீ. மடித்துத் தைத்தால் 18 செ.மீ. நீளம் நிற்கும், பொம்மையின் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அது சரியாக வரும். மேல் மடிப்பில் நூல் ஓட்டி, 9 செ.மீ.க்குச் சுருக்குங்கள். 40 செ.மீ. துணி 9 செ.மீ.க்குள் அடங்கும்போது ஒவ்வோர் இடத்திலும் நாலு அடுக்குக்கு மேல் சேரும். மேல் மடிப்பு இரட்டைத் துணி என்பதால் கிட்டத்தட்ட ஒன்பது. துணியின் கனம் 0.2 மி.மீ. என்று வைத்தால் இடுப்பைச் சுற்றி 1.8 மி.மீ. சுவர் எழும்பும். சுற்றளவில் அது ஒரு செ.மீ.க்கு மேல் கூட்டிவிடும்.

அதே கணக்கை மனிதருக்குப் போடுங்கள். இரண்டரை மீட்டர் துணியை 55 செ.மீ. இடுப்புக்குச் சுருக்கினாலும் அதே ஒன்பது அடுக்கு, அதே 1.8 மி.மீ. சுவர், சுற்றளவில் கூடுவதும் அதே ஒரு செ.மீ. சொச்சம்தான். ஆனால் 55இல் ஒன்று கூடுவது கண்ணுக்குத் தெரியாது. ஒன்பதில் ஒன்று கூடினால் பொம்மைக்கு வயிற்றில் டயர் கட்டிய மாதிரி ஆகும். பொம்மை ஆறில் ஒரு பங்கு அளவில் இருக்கிறது. அதன்மேல் போடும் துணியின் நூல் ஆறில் ஒரு பங்காக மெலிவதில்லை. பட்டுத் துண்டில் தைத்துப் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். திருபுவனம் பட்டின் சரிகைக் கரை இந்த அளவுக்குச் சுருங்கவே சுருங்காது. இடுப்பிலிருந்து குடை மாதிரி விரிந்து நிற்கும், ஊசியும் இறங்காது. கரையைக் கீழே விட்டு, மேலே இடுப்புப் பகுதிக்குத் தனியாக வாயில் ஒட்டுக் கொடுத்தால்தான் அடங்கும்.

உடுத்திய பிறகு கண்ணுக்கு இடுப்பாகத் தெரிய வேண்டுமானால், உடுத்தாதபோது அளவுக்கு மீறி மெலிந்திருக்க வேண்டும். சுலபமாக உடை மாற்றுவதற்காகத்தான் உடலை அப்படி வைத்தோம் என்று பார்பியை வடிவமைப்பவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதியை மறைக்கக்கூடாது. 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனத்தின் ரூத் ஹேண்ட்லர் பார்பியை அறிமுகப்படுத்தியபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்தது பில்ட் லில்லி என்ற ஜெர்மானியப் பொம்மை. பெரியவர்களுக்கான செய்தித்தாள் கேலிச் சித்திரத்திலிருந்து 1955இல் வந்தது அது, குழந்தைகளுக்காகச் செய்ததல்ல. நீண்ட கழுத்துக்கும் காலுக்கும் குதிகால் செருப்புக்கென்றே வளைந்த பாதத்துக்கும் துணியின் கனத்தைக் காரணம் சொல்ல முடியாது. 1965இல் வந்த ஒரு பார்பிக்கு 110 பவுண்டில் நிறுத்தி வைத்த எடை மிஷினும், உடல் மெலிவது பற்றிய குட்டிப் புத்தகமும் கூடவே கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த ஆலோசனை, ‘சாப்பிடாதே’. இது தையல் பிரச்சினை இல்லை.

குழந்தை இதையெல்லாம் எங்கே கவனிக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சில ஆய்வுகள். 2006இல் இங்கிலாந்தில் ஐந்தரை முதல் எட்டரை வயது வரையுள்ள 162 சிறுமிகளுக்குப் படக்கதை காட்டினார்கள். சிலருக்கு பார்பி படம், சிலருக்குப் பருமனான எம்மி என்ற பொம்மையின் படம், சிலருக்குப் பொம்மையே இல்லாத படம். பார்பி பார்த்த சின்னக் குழந்தைகள் தங்கள் உடல்மேல் குறைவான திருப்தியும், மெலிய வேண்டும் என்ற கூடுதல் விருப்பமும் காட்டினார்கள். வயதில் மூத்தவர்களிடம் அந்த உடனடி மாற்றம் தெரியவில்லை. ஒல்லியே அழகு என்பது அதற்குள் மனதில் பதிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நெதர்லாந்தில் 2010இல் நடந்த ஆய்வில் உடல் திருப்தியில் வேறுபாடு வரவில்லை. ஆனால் சராசரி உடலுள்ள பொம்மையோடு விளையாடியவர்கள், ஒல்லிப் பொம்மையோடு விளையாடியவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. பேசுவதாகச் சொல்லி யாரையும் பயமுறுத்தவும் வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது 2021இல் வந்த பிரிட்டன் ஆய்வு. ஐந்து முதல் ஒன்பது வயதுச் சிறுமிகள் மிக மெலிந்த பொம்மையோடு சற்று நேரம் விளையாடியதும், தங்களுக்கு வேண்டிய உடல் என்று காட்டிய உருவம் மெலிந்தது. பிறகு குழந்தை உடலுள்ள பொம்மையைக் கொடுத்தும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2016இல் பார்பிக்குப் பருத்த, உயர்ந்த, குள்ளமான உடல்கள் வந்தன. பிறகு அமெரிக்கச் சிறுமிகளிடம் கேட்டபோது அதிகம் ஒதுக்கப்பட்டது அந்தப் பருத்த பொம்மைதான். ஆகவே புதிய பொம்மை ஒன்று வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அதைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறோம் என்பதும் சேர்ந்து மாற வேண்டும்.

நம்மூர்ப் பொம்மைகளைக் காட்டலாமே என்றால், தாராளமாக. ஆனால் கண்ணைத் திறந்து காட்டுங்கள். தஞ்சாவூர் நடன மாதுவின் இடுப்பும் மெல்லியதுதான். தலை, உடல், பாவாடை, கால் என்று தனித்தனித் துண்டுகளாகக் கம்பியில் ஆட வேண்டும் என்பதால் அங்கே இணைப்பு விடுகிறார்கள். முகத்துக்குப் பூசுவதும் பெரும்பாலும் ரோஸ் கலந்த வெள்ளைதான். நிறத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. மரப்பாச்சி வேறு மாதிரி. செம்மரத்தின் கறுஞ்சிவப்பு, கட்டையான உடல், துணியைத் தைக்காமல் சுற்றிக் கட்டினாலே போதும். அதற்கும் நூல் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கொலுவில் செட்டியாரும் ஆச்சியும் தொப்பையோடு கடை விரித்து உட்கார்ந்திருப்பதை எந்தக் குழந்தையும் குறையாகப் பார்ப்பதில்லை.

பேச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘நல்லா பூசினாப்ல ஆயிட்டா’, ‘கறுத்துப் போயிட்டியே’, ‘ஒல்லிக்குச்சி’ — கல்யாண வீட்டிலும் கொலுவுக்கு வந்த இடத்திலும் அன்போடுதான் சொல்கிறார்கள். குழந்தை அதைக் கேட்டு, வீட்டுக்கு வந்து பொம்மையிடம் அப்படியே சொல்லும். பொம்மையோடு அவள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். ‘நீ குண்டு, உனக்குச் சாப்பாடு கிடையாது’ என்று பொம்மையைத் திட்டினால் அந்த வாக்கியம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அதட்டாமல், ‘பொம்மைக்குப் பசிக்குமே, என்ன பண்ணலாம்?’ என்று விளையாட்டுக்குள்ளேயே கேளுங்கள். ஆனால் குழந்தை தானே சாப்பாட்டைத் தொடர்ந்து தள்ளினாலோ, எடை இறங்கினாலோ, வயிற்றை மறைத்துக்கொண்டே நடந்தாலோ விளையாட்டாக விட்டுவிடாமல் குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இப்போது துணிப்பொம்மை. அவள் வயது உடலில், அவள் நிறத்தில், அவளையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்ய வேண்டியது. ரவிக்கைத் துணியில் டூ பை டூ வாங்குங்கள். நெசவு நெருக்கமாக இருக்கும், பழுப்பில் மட்டும் பல ஷேடு கிடைக்கும். 80 செ.மீ. பிட் ஒன்றில் இரண்டு பொம்மைக்குத் துணி தேறும். நிறம் பார்க்கும்போது கடை வாசலுக்கு வந்து, குழந்தையின் முன்கையில் வைத்துப் பார்க்கவும். டியூப்லைட்டில் எல்லாம் வெளுத்துத் தெரியும். தேயிலைச் சாயம் போட்டால் துவைக்கத் துவைக்க வெளுத்து, பொம்மை மறுபடி வெள்ளையாகிவிடும்.

உயரம் 30 செ.மீ. ஏழு வயதுக் குழந்தையின் உயரம் தலையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. எனவே தலை 5 செ.மீ. உயரம். இடுப்புச் சுற்றளவு 13.5 செ.மீ. முன் துண்டு, பின் துண்டு இரண்டிலும் பாதிப் பாதி 6.75 செ.மீ., தையலுக்குப் பக்கத்துக்கு அரை செ.மீ. சேர்த்து 7.75 செ.மீ. அகலம் வெட்ட வேண்டும். பார்க்க அகலமாக இருக்கிறதே என்று இங்கேதான் எல்லோரும் குறைத்துவிடுகிறார்கள். தட்டையாக 6.75 செ.மீ. இருப்பது பஞ்சு அடைத்து உருண்டதும் 4.3 செ.மீ. குறுக்களவாகத்தான் நிற்கும். கண்ணுக்குச் சரியாக 5 செ.மீ. வரைந்து வெட்டினால் கடைசியில் கையில் வருவது இன்னொரு ஒல்லிப் பொம்மை.

இலவம் பஞ்சு 100 கிராம் வாங்கினால் மிஞ்சும். நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக, முதலில் கை கால் நுனியிலிருந்து இறுக்கமாக அடைக்கவும். பெரிய கட்டியாகத் திணித்தால் முட்டிமுட்டியாக நிற்கும். தலை தொங்கிப்போவது அடுத்த பிரச்சினை. கழுத்தை 3 செ.மீ. அகலத்துக்குக் குறைந்து வெட்டியதும், கழுத்துப் பக்கம் பஞ்சு தளர்ந்ததும்தான் அதற்குக் காரணம். தலையை அடைக்கும் முன்பே கழுத்தை அடைத்துவிட்டால் நிற்கும். கண்ணைத் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மேலே ஏற்றினால் முகம் பெரியவள் முகமாகிவிடும். முடிக்குக் கறுப்பு உல்லன் நூல். இரட்டைப் பின்னலா, சுருட்டையா என்பது அவள் முடிவு.

பார்பிக்குத் தைத்த வாயில் பாவாடையை வீணாக்க வேண்டாம். இடுப்புச் சுருக்கு நூலைத் தளர்த்தி 15 செ.மீ.க்கு விட்டால் இதற்குச் சேரும். 40 செ.மீ. துணி இப்போது மூன்று மடங்குகூடச் சுருங்குவதில்லை. கொசுவம் புடைக்காமல் படிந்து உட்காரும். நீளம் மட்டும் இரண்டு செ.மீ. கூடுதலாக இருக்கும். வெட்டிவிடாமல், வளரும் பிள்ளையின் பட்டுப் பாவாடைக்குப் பிடிப்பதுபோல உள்பக்கமாக ஒரு டக் பிடித்துவிடுங்கள்.