இது அவர் வழக்கமில்லை

ஜனவரி 6

பயிற்சி இன்று தொடங்கியது. சிங்கப்பூரில் வளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்களைப் பராமரிக்கும் தாதியருக்குத் தலைமை தாங்க எங்களில் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பொது வார்டில் பதினேழு ஆண்டுகளைக் கழித்தபின் மீண்டும் மாணவியாக உட்காரக் கூச்சமாக இருந்தது. பயிற்றுநர் எடுத்த எடுப்பிலேயே, "குறைபாட்டின் மேல் பழியைப் போட்டு நீங்கள் தவறவிட்ட நோய் எது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னிடம் விடை இருந்தது.

ஜனவரி 8

அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த வார்டுக்கு, முப்பது வயதைக் கடந்த, பேச்சு வராத ஒருவரை அழைத்து வந்தார்கள். இரவெல்லாம் அவர் கட்டில் கம்பியில் தலையை மோதிக்கொண்டே இருந்தார். "மிஸ்ஸி, இது அவன் வழக்கமில்ல" என்று அவருடைய அம்மா மூன்று முறை சொன்னார். (தாதியரை இங்கே மிஸ்ஸி என்று அழைப்பார்கள்.) நான் குறிப்பேட்டில் 'நடத்தைப் பிரச்சினை' என்று எழுதினேன். அதைப் படித்த மருத்துவர் தூக்க ஊசிக்கு உத்தரவிட்டார். மறுநாள் எக்ஸ்ரேயில்தான் பல நாள் மலம் இறுகிக் குடலை அடைத்திருந்தது தெரிந்தது. அவர் உட்கொண்டிருந்த மருந்துகளில் இரண்டு மலச்சிக்கலை உண்டாக்குபவை. அந்தப் பட்டியல் என் கையிலேயே இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார் என்பதால் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. மலச்சிக்கல் இவர்களில் சிலரைக் கொன்றுவிடும் என்று இன்று வகுப்பில் சொன்னபோது நான் தலை நிமிரவில்லை.

ஜனவரி 14

பொங்கல்; இங்கே விடுமுறை இல்லை. வலியைச் சொல்லத் தெரியாதவர்களின் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறும் தன்மை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இடும் அளவுகோலைப் பழகினோம். அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்காகத் திருத்தப்பட்ட வடிவத்தில், அவரவருக்கே உரிய வலிக் குறிகளைக் குடும்பத்தாரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அம்மாவின் மூன்று சொற்களுக்கு எந்தத் தாளிலும் இடம் இருந்ததில்லை.

ஜனவரி 22

பகல்நேர நடவடிக்கை நிலையம் ஒன்றில் களப்பயிற்சி. அறிவுத்திறன் குறைபாடுள்ளோருக்கான மைண்ட்ஸ் அமைப்பு தொடங்கிய 1962இல் இந்நாட்டில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களைப் பேணிய பெற்றோரில் பலர் இப்போது இல்லை. டவுன் நோய்க்குறி என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆல்சைமர் என்ற மறதிநோய் நாற்பதுகளிலேயே தலைகாட்டக்கூடும். அந்த நோய்க்குறி உள்ள நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், தாமே போட்டுக்கொண்டிருந்த சட்டைப் பித்தான்களைச் சில மாதங்களாக விட்டுவிடுகிறார், அதை நிலையத்தில் "பிடிவாதம்" என்றார்கள். ஆனால் மறதிநோய் என்று முடிவு கட்டுமுன் தைராய்டு, செவித்திறன், பார்வை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைபாடு இவர்களிடம் சர்வ சாதாரணம். இரத்தப் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினேன்.



பிப்ரவரி 3

சட்ட வகுப்பு. மனத்திறன் சட்டத்தின்படி (2008) ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். பிள்ளைக்கு 21 வயது ஆனபின், பெற்றோர் என்பதாலேயே எல்லா முடிவையும் எடுத்துவிட முடியாது. எனவே முதலில் அவரிடமே, அவருக்குப் புரியும் சொல்லிலோ படத்திலோ கேட்டாக வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தை வேலை அட்டவணையில் ஒதுக்குவதும் தலைமைத் தாதியின் பொறுப்பு.

பிப்ரவரி 11

காலை ஏழு மணிக்குப் பராமரிப்பு உதவியாளர் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார், மியன்மாரிலிருந்து வந்தவர். ஆறாம் கட்டில்காரர் காலைத் தேநீரைத் தொடவில்லை, அது அவர் வழக்கமில்லை என்றார். காய்ச்சல் 37.9, உணவு புரையேறி நுரையீரலில் தொற்று வரக்கூடிய நோயாளி, மூச்சும் வேகம். மருத்துவரை அழைத்தேன். அவர் வரத் தாமதமாகும் என்றார்கள். காத்திருக்கும் வேளையில் குறிப்பேட்டைத் திறந்து, உதவியாளர் சொன்னதை அவர் பெயரோடு அப்படியே எழுதினேன்.