ஒரே மூச்சில் எண்ணிய நாட்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவன் நான். வீடு பெரம்பூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பாடகர் குழுவில் பேஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், பாடுவேன். உடம்புக்கு முடியாமல் படுத்ததாக நினைவே இல்லை. அந்தத் தெம்பைத்தான் இத்தனை நாள் விசுவாசம் என்று எண்ணியிருந்தேன் என்பது 2022 ஆகஸ்ட்டில்தான் தெரிந்தது.

முதலில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு. அது சரியாகி இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் பாதங்களில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில் முழங்கால் மடங்கியது. அதற்கடுத்த நாள் கட்டிலைவிட்டு எழவே முடியவில்லை. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ்வீட்டு ஆட்டோக்கார அண்ணன்தான் என்னை முதுகில் சுமந்து இறக்கினார்.

கில்லன் பாரே என்றார்கள் டாக்டர்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, தவறிப்போய் நம் நரம்புகளையே தாக்கிவிடுமாம். பலவீனம் காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுவரை ஏறினால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டிவரும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார். முதல் நாள் சாயங்காலம் 31 வரை போனேன். மறுநாள் காலை 24. அன்று ராத்திரி 17. நீளமான வரிகளை அலட்டிக்கொள்ளாமல் இழுத்துப் பாடியவனுக்கு, 17க்கு மேல் குரல் வராமல் நின்றதை எப்படிச் சொல்வது!

அந்த ராத்திரி எனக்கு ஜெபம் வரவில்லை. சபையில் ஐந்து நிமிஷம் தங்குதடையில்லாமல் ஜெபிக்கிறவன்தான். ஒரு வார்த்தையும் கோவையாக வரவில்லை. நர்ஸ் போன பிறகு, எண்களுக்குப் பதிலாக, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று சொல்லிப் பார்த்தேன். சிறுவயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்தது. என்னிடம் மிச்சமிருந்த மூச்சு சரியாக அந்த வசனத்துக்குப் போதுமாக இருந்தது. சொல்வேன், கொஞ்சம் ஓய்வேன், மறுபடியும் சொல்வேன். விடியும்வரை வேறு எதுவும் செய்யவில்லை.

எண்ணிக்கை 15க்குக் கீழே போகவில்லை, மெஷினும் வைக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரருக்கு வைத்தார்கள். அவர் என்னைவிட விசுவாசத்தில் குறைந்தவர் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஐந்து நாள் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து அது என்று நர்ஸ் சொன்னார். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். முகம் தெரியாத எத்தனையோ பேரின் ரத்தம் என்னைத் தாங்க வருகிறது! இயேசுவின் ரத்தம் என்று திராட்சரசம் வாங்குகிற திருவிருந்தில் இத்தனை வருஷம் என்ன வாங்கினேன் என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். உயிர் பிழைத்ததில் இருந்த சந்தோஷம் சீக்கிரமே தீர்ந்துபோனது. ஸ்பூனைப் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது, கழிவறைக்கு மனைவி துணை வேண்டும். பார்க்க வந்த ஒருவர், "எதையாவது மறைக்கிறீர்களா பிரதர்? அறிக்கை செய்துவிடுங்கள், சுகம் வரும்" என்றார். நோயாளியிடம் போகிறவர்கள் தயவுசெய்து இப்படிப் பேசாதீர்கள். அந்த ஒரு வார்த்தை இரண்டு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது. அப்போஸ்தலன் பவுலே தன் உடம்பில் முள் என்று சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டார். முள் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் வந்தது.

அப்புறம் எங்கள் ஆயர் வந்தார். பைபிளில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்தார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். தூதன் திட்டவில்லை, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான்! பலமுறை வாசித்த பகுதிதான், இது என் கண்ணில் பட்டதே இல்லை. தூதன் இரண்டாவது தடவையும் வந்து எழுப்புகிறான்.

வாசித்து முடித்து, எனக்குத் திருவிருந்து கொடுக்கச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றினார். என் விரல்கள் கிண்ணத்தைச் சுற்றி மடங்கவில்லை. மனைவி வாங்கி என் உதட்டில் வைத்தாள். உதடும் நடுங்கியதில் ஒரு சொட்டு தாடையில் வழிந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். கை நீட்டி வாங்கக்கூட முடியாதவனுக்கு அது வீடு தேடி வந்திருந்தது. அன்றுதான் நோய் வந்த பிறகு முதன்முதலாக அழுதேன்.

பிசியோதெரபி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் போக வேண்டும், அவ்வளவுதான். ஜெபிக்கிறோமே என்று ஒருநாளும் அதை விட்டுவிடக் கூடாது. சேதமான நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்றார் பிசியோ தம்பி. இடுப்பிலிருந்து பாதம்வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டு, கர்த்தரிடம் கோபமாகவே பேசிய நாட்கள் உண்டு.

என்னால் ஜெபிக்க முடியாத நாட்களில் எனக்காக யார் யாரோ ஜெபித்தார்கள். ஆட்டோக்கார அண்ணனின் மனைவி செவ்வாய்தோறும் அம்மன் கோவிலுக்குப் போகிறவர். எனக்காகப் பெரம்பூர் லூர்து மாதா கோவிலிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் இயேசுவிடம் சுமந்து வந்தபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். சுமந்தவர்களின் விசுவாசத்தை. அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மாடிப்படி ஞாபகம் வரும்.

2023 ஏப்ரல் 9, ஈஸ்டர். வாக்கரோடு ஆலயத்துக்குப் போனேன். பலிபீடத்தின் முன் எல்லாரும் முழங்காற்படியிட, நான் நின்றபடியே இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து வாங்கினேன். இடது பாதம் இன்னும் முழுசாகத் தூக்க வராது. வெல்டிங்கை விட்டுவிட்டு, பட்டறையில் கணக்கும் ஸ்டோரும் பார்க்கிறேன்.

பாடகர் குழுவில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். நீண்ட வரிகளை முழுசாக இழுக்க மூச்சு போதாது. நான் மூச்சு வாங்குகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிற அண்ணன் விடாமல் பாடுவார். அவர் வாங்கும்போது நான் பாடுவேன்.