மழைக்குத் திறந்த கூடம்

சீனாவின் ஆன்ஹுயி மாகாணத்தில் ஹொங்சுன் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய வீட்டை அளந்து வரைபடம் போட்டு, பழுதுகளைக் குறித்துக் கொடுப்பது என் வேலை. போன அன்றே மழை. கூடத்தின் நடுவே கூரை திறந்திருக்க, நாலு பக்க ஓடுகளிலிருந்தும் தண்ணீர் கீழே கல்தொட்டியில் கொட்டியது. 'மழைநீர் உள்ளே விழுகிறது, கண்ணாடிக் கூரை தேவை' என்று பட்டியலில் முதல் வரியாக எழுதினேன்.

உடன் வந்த சீனத் தோழி அதை வீட்டுப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினார். பெரியவர் என்னைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, "தண்ணீர்தான் செல்வம். நாலு திசைத் தண்ணீரும் நம் கூடத்துக்கே வரவேண்டும் என்றுதான் கூரையை உள்பக்கம் சாய்த்திருக்கிறார்கள்" என்றார்.

அப்புறம்தான் அந்த வீடு எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. உப்பும் தேயிலையும் விற்கப் போன ஆண்கள் வருஷக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார்கள். அதனால் வெளிச்சுவர் உயரம், சன்னல்கள் சின்னவை. வெளிச்சமும் காற்றும் வர அந்த முற்றம் ஒன்றுதான் வழி. அதைக் கண்ணாடியால் மூடியிருந்தால் வெக்கையும் ஈரமும் மரத்தூண்களிலேயே தங்கியிருக்கும். பக்கச்சுவர்கள் கூரையைத் தாண்டிப் படிப்படியாக எழும்பி நிற்பதும் அழகுக்காக மட்டும் இல்லை, ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் இருக்கத்தான்.

ஊரே தண்ணீரை வைத்துக் கட்டியதுதான். ஓடையிலிருந்து பிரியும் வாய்க்கால் வீட்டு வாசல்களை ஒட்டி ஓடி, பிறை வடிவக் குளத்துக்குப் போய், அங்கிருந்து தெற்கு ஏரியில் சேருகிறது. ஊரின் வடிவத்தை ஒரு மாடாகச் சொல்கிறார்கள்: வாய்க்கால் குடல், குளம் வயிறு. காலையில் எல்லோரும் குடிநீர் எடுத்து முடித்த பிறகுதான் துணி துவைக்கலாம் என்பது பழைய கட்டுப்பாடு. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்த ஊரையும் பக்கத்து ஷீதியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கு அந்தக் கட்டுப்பாடுதான் பெரிய விஷயமாகப் பட்டது. அந்த ஒழுங்கு இல்லையென்றால் எவ்வளவு நல்ல வாய்க்காலும் சாக்கடையாகிவிடும்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். முதல் வரியை அடித்துவிட்டுத் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் வடியாமல் விளிம்புவரை ஏறியிருந்தது. மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, பாசி அடைத்துக் கிடந்தது. பெரியவர் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்து குத்திவிட்டார். சின்னச் சுழலோடு தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. 'வடிகால் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும்' என்று எழுதி, பக்கத்திலேயே 'செய்தாயிற்று' என்றும் எழுதினேன்.