வேலி இருந்தும் சான்று கிடைக்காத மூன்று மாதங்கள்

இலங்கையின் மலைநாட்டு நகரமான பண்டாரவளையில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். சிறு பிள்ளைகளோடு வரும் ஆஸ்திரேலியக் குடும்பங்களை அனுப்பும் ஒரு முகவர் நிறுவனம், எங்கள் நீச்சல் தடாகத்தின் வேலி அவர்களுடைய நாட்டுத் தரமான ஏ.எஸ். 1926.1-2012க்கு ஏற்ப இருப்பதாகப் பரிசோதகர் ஒருவர் ஒப்பமிட்டால்தான் முன்பதிவு தருவோம் என்று எழுதியது. படிவமும் கட்டணமும் ஒரே நாளில் முடிந்தன. வேலி மூன்று மாதங்களைத் தின்றது.

கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர் கால் மணி நேரம் அளந்துவிட்டு, ‘பொருந்தவில்லை’ என்ற ஒரே சொல்லை எழுதிக் கையளித்தார். எந்த இடத்தில், எதனால் என்று கேட்டதற்கு, தரநூலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றில் குறையைச் சொல்லாமல் போனதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வழி காட்டியவர் மெல்பேர்னில் இருக்கும் என் அக்கா. விக்டோரியா மாநிலத்தில் வீட்டுத் தடாகம் வைத்திருப்பவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய சான்றை நகரசபையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால், இந்த அலைச்சலை அவர் முன்பே பட்டிருந்தார். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, “தங்கச்சி, வேலிக்கு வெளியில நின்னு அளந்தியா?” என்பதுதான்.

நான் உள்ளே நின்று அளந்திருந்தேன். வேலி 1200 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், இருந்தது. ஆனால் சரிவான நிலத்தில், மேட்டுப்பக்கம் வெளித்தரை ஒரு சாண் உயர்ந்திருந்ததால், பிள்ளை ஏறக்கூடிய பக்கத்தில் வேலி அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டது. மலைநாட்டில் தடாகம் கட்டியிருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பள்ளத்துப்பக்கம் மழை மண்ணை அரித்து, வேலியடியில் தரநூல் அனுமதிக்கும் 100 மி.மீ.க்கு மேல் இடைவெளி விட்டிருந்தது.

அடுத்த குறை என் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்தது. வேலி செய்த கைவினைஞரான வெல்டிங் பாஸ் ஆசையோடு வேலியின் நடுவில் இரும்புத் தாமரைகள் வைத்திருந்தார். பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சிறுவன் ஒருவன், நான்கு வயதுகூட நிறையாதவன், உள்ளே விழுந்த பந்துக்காக ஓடிவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தாமரையின் இதழ்களுக்கு நடுவில் வலது காலை வைத்தான். படிக்கட்டில் வைப்பதுபோல் பாதம் அங்கே பொருந்தியது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். அன்று மாலையே பாஸை அழைத்துத் தாமரைகளை வெட்டச் சொன்னேன். வெளிப்பக்கத்தில் கால் வைக்கத்தக்க குறுக்குக் கம்பிகளுக்கு இடையே 900 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பதன் காரணத்தை அதற்குப் பிறகு எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்டுக்கான ஸ்பிரிங் பிணைச்சலுக்காக ஒரு பகல் வீணானது. இருக்கிறது என்று தொலைபேசியில் சொன்ன பதுளைக் கடையை நம்பிப் போனால், சாதாரணக் கதவு ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினார்கள். அகலத் திறந்துவிட்டால் அது கேட்டை மூடும். விரலளவு திறந்து விட்டால் மூடாது. எந்த நிலையில் கைவிட்டாலும் கேட் தானாக மூடித் தாழ்ப்பாள் விழ வேண்டும், தடாகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறக்க வேண்டும், தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி 1500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பிணைச்சலைக் கடைசியில் கொழும்பிலிருந்து தருவித்தோம். வாங்கப் போகிறவர்கள் படத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

இரண்டாம் வருகையில் பரிசோதகர் கேட்டை இரண்டு விரல் அளவு திறந்து விட்டார். ‘டக்’ என்று தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு வேலியோரம் நின்ற என் கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டி, இதில் ஏறலாம், வேலியிலிருந்து 900 மி.மீ.க்குள் இருக்கிறது என்று சொல்லிக் கோப்பை மூடப் பார்த்தார். “சேர், பத்து நிமிஷம் நில்லுங்க,” என்றேன். நானும் கணவரும் பாஸும் சேர்ந்து அந்தச் சீமெந்துத் தொட்டியை உருட்டிச் சமையலறை வாசலுக்குக் கொண்டுபோனோம். அவர் திரும்ப அளந்தார், ஒப்பமிட்டார்.

100 மி.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். பெருமழை விட்டதும் வேலியடி முழுவதும் அதைச் செருகிப் பார்ப்பேன். போன மாதம் ஓரிடத்தில் அது உள்ளே போனது; இருட்டுவதற்கு முன் சீமெந்து போட்டு அடைத்தோம்.