எண்ணூர்ச் சேற்றில் கிடைத்தது: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

புஷ்னெல்-ஹாஸ் ஊடகத்தில் கார்பன் கிடையாது, உப்புகள் மட்டும்தான். பங்க்கில் வாங்கி வடிகட்டிய டீசலை அதில் விட்டால், பட்டினி கிடப்பதா டீசலைத் தின்பதா என்று நுண்ணுயிர்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணூர்க் கழிமுகச் சேற்றிலிருந்து பிரித்த ஒன்று தின்றுவிட்டது. குடுவை கலங்கிக் கிடக்கிறது. மேலே மிதந்த டீசல் படலம் பொடித் துளிகளாக உடைந்திருக்கிறது. பாக்டீரியா சேர்க்காத குடுவையோ தெளிவாகவே நிற்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது மீனவர்கள் அதைக் கையால் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோதும் வாளிதான். அந்த ஊர்ச் சேற்றில் இப்படி ஒன்று இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஜூன் 13

தட்டின் மூடியில் நாப்தலீன் (அந்துருண்டைச் சரக்கு) படிகங்களை வைத்துக் கவிழ்த்திருந்தோம். ஆவி மட்டுமே உணவு. இன்குபேட்டரைத் திறந்தால் பாட்டியின் பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்த வாசனை. அதிலும் வளர்ந்திருக்கிறது.

“அக்கா, பத்திரிகைக்குச் சொல்லலாமா?” என்கிறாள் ஜூனியர். எதைத் தின்கிறது என்று தெரியும். யார் என்றே தெரியாதே!

ஜூன் 21

பாக்டீரியா யாரென்று அடையாளம் காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவின் வரிசை வந்துவிட்டது. மரினோபேக்டர் பேரினம். மிக நெருங்கிய உறவோடு 98.9 சதவீத ஒற்றுமை. எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. 98.65-க்குக் கீழே போயிருந்தால் புதிய சிற்றினம் என்று நம்பிக்கையோடு பேசலாம்.

ஆய்வகத் தலைவியான மேடம் மட்டும் அசரவில்லை. “கீழே இருந்தால் புதியதாக இருக்கும். மேலே இருப்பதால் பழையதாகிவிடாது. முழு மரபணுத் தொகையையும் வாசியுங்கள்.”

இந்தப் பேரினத்தில் அவசரம் ஆகாது. வியட்நாம் கடலோர எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததற்கு 1999-இல் மரினோபேக்டர் அக்வியோலி என்று பெயரிட்டார்கள். 1992-இலேயே விவரிக்கப்பட்டிருந்த ஹைட்ரோகார்பனோகிளாஸ்டிகஸ்தான் அதுவும் என்று 2005-இல் தெரிந்தது.

ஜூலை 9

புதியது! நெருங்கிய உறவின் மரபணுத் தொகையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டதில் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 88 சதவீதம். ஒரே சிற்றினம் என்றால் 95, 96-ஐத் தொட வேண்டும். இரண்டின் டி.என்.ஏ.வும் எவ்வளவு ஒட்டும் என்ற கலப்புச் சோதனையின் கணினி மதிப்பீடு 35, ஒரே சிற்றினத்துக்கு வேண்டியது 70. மைசூர்பாகு வந்தது.

ஜூலை 18

நேற்று முழுக்க மரபணுப் பட்டியலைத் துருவினேன். டீசலில் நிறைந்திருக்கும் ஆல்கேனை உடைக்கும் நொதிக்கான மரபணு குரோமோசோமில் இருக்கிறது. நாப்தலீனுக்கானவை தனியாக ஒரு பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சிறு டி.என்.ஏ. துண்டில். சத்துள்ள ஊடகத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்த தட்டுகளில் சில கூட்டங்கள் பிளாஸ்மிடைத் தொலைத்துவிட்டிருக்கின்றன. நாப்தலீன் கொடுத்தால் வளர்வதில்லை. மற்றபடி அதே ஆள்தான்.

விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தி இப்படிப்பட்ட பிளாஸ்மிட்களைத்தான் ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதற்குக் காப்புரிமை தரலாம் என்றது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடிய திறமையை வைத்துச் சிற்றினத்தை வரையறுத்தால், நாளைக்குப் பக்கத்துப் பாக்டீரியாவும் அதே பெயரைக் கேட்டு வரும். பத்திரிகைக்கென்று ஜூனியர் யோசித்து வைத்திருக்கும் ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’ என்ற தலைப்பு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஜூலை 30

புதிய சிற்றினத்தை விவரிக்க வேண்டிய சோதனைகள்: கொழுப்பு அமிலங்கள், குவினோன், உப்புத் தாங்கும் அளவு. ஒப்பீட்டுக்கு வாங்கிய உறவுச் சிற்றினங்களின் மாதிரித் திரிபுகளை (ஒரு பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் மூல வளர்ப்புகளை) அருகருகே வளர்த்துச் சோதித்தோம். குவினோன் வகை யுபிகுவினோன்-9, இந்தப் பேரினத்தில் எதிர்பார்த்தபடி. சலிப்பான, தவிர்க்க முடியாத வேலை.

ஆகஸ்ட் 5

மறுபடி சேறு எடுக்கக் காட்டுக்குப்பம் போனோம். படகோட்டி அண்ணன் கேட்டார்: “உங்கள் பூச்சி ஆற்றைச் சுத்தம் செய்துவிடுமாம்மா?”

ஆல்கேனை உடைக்கும் அந்த நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும், சேற்றில் கொஞ்சம் கீழே போனாலே ஆக்சிஜன் இல்லை, நைட்ரஜனும் பாஸ்பரசும் போதுமான அளவு வேண்டும், தார்போல இறுகியதை அது அநேகமாகத் தொடாது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்ல சோறு கிடைத்தால் டீசலைத் தொடுமா?” என்றார்.

“முதலில் சோற்றைத்தான் தின்னும் அண்ணே.” அசிட்டேட் கொடுத்த குடுவையில் டீசல் அப்படியே மிதந்ததை நினைத்துக்கொண்டு சொன்னேன். ஆய்வகக் கூட்டங்களில்கூட இவ்வளவு சரியான கேள்வி வருவதில்லை.

ஆகஸ்ட் 12

புதிய பெயர் செல்ல வேண்டுமானால் மாதிரித் திரிபை இரண்டு நாடுகளின் நுண்ணுயிர்ச் சேகரங்களில் வைக்க வேண்டும். ஒன்று இந்தியாவில், இன்னொன்றுக்கு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கை யோசிக்கிறோம். வெளியே அனுப்ப 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்ட விதிகளைப் பார்த்தாக வேண்டும். தேசியப் பல்லுயிர் ஆணையம் தரமணியிலேயே இருப்பதால் விசாரிக்க பஸ் டிக்கெட் போதும்.

விளக்கக் குறிப்பில் டீசலுக்கு ஒரு வரி. நாப்தலீன் பற்றிய பத்தியை மேடம் சிவப்பு மையால் அடித்து, ‘மாதிரித் திரிபில் மட்டும்’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஜூனியர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்.